'டோக்கியோ ஸ்டோரி'யை இன்று பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யசுஜிரோ ஓசு இயக்கி 1953 நவம்பரில் ஜப்பானில் வெளியான 'டோக்கியோ ஸ்டோரி'யைப் பல ஆண்டுகளாகப் பலருக்கும் பரிந்துரைத்து வருகிறேன். பார்ப்பதற்கு முன் அவர்கள் எழுப்பும் ஐயங்களும், பார்த்து முடித்த பின் எழுப்பும் ஐயங்களும் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் ஆறு கேள்விகள் படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கானவை. அதற்குப் பிறகு கதையின் முடிவு வரை பேச்சு போகும் என்பதால், பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஹிரோஷிமா மாகாணத்தில் கடலை ஒட்டிய சிற்றூரான ஒனோமிச்சியில் வாழும் ஷுகிச்சி, டோமி என்ற வயதான கணவனும் மனைவியும், ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் டோக்கியோவில் குடியேறிவிட்ட பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. பெற்றோர் சில நாட்கள் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். படத்தின் முக்கால் பங்கு இதுதான்.

மூத்த மகன் கோய்ச்சி புறநகரில் மருத்துவர். மகள் ஷிகே சிகை அலங்கார நிலையம் நடத்துகிறாள். இரண்டாவது மகன் ஷோஜி போரில் இறந்துவிட, அவனுடைய மனைவி நோரிகோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக வாழ்கிறாள். இவர்களைத் தவிர ஒசாக்காவில் ரயில்வே வேலையில் இருக்கும் கெய்சோவும், பெற்றோருடனேயே இருந்துகொண்டு பள்ளியில் பாடம் நடத்தும் கடைசி மகள் கியோகோவும் உண்டு. இந்தப் பெயர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் முதல் அரை மணி நேரக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது அழுகைப் படமா?

அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன், அழாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அழ வைப்பதற்கென்று கட்டப்பட்ட காட்சி இந்தப் படத்தில் அநேகமாக இல்லை. இசை வந்து தோளைத் தட்டி "இங்கே அழு" என்று சொல்வதில்லை. தகனோபு சைட்டோவின் இசை பெரும்பாலும் காட்சிகளுக்கு இடையேதான் ஒலிக்கிறது. எந்த இடத்தில் கலங்குவோம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. பலரும் மரணக் காட்சியில் கலங்காமல், சாதாரண உரையாடல் ஒன்றில் கலங்கியதாகவே சொல்கிறார்கள்.

70 வருஷத்துக்கு முந்தைய படத்துக்கு இவ்வளவு புகழ் எப்படி வந்தது?

புகழ் தாமதமாகவே வந்தது. ஜப்பானுக்குள் ஓசு மௌனப் பட நாட்களிலிருந்தே மதிக்கப்பட்ட இயக்குநர். ஆனால் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வென்று மேலைநாடுகளின் கவனத்தை ஈர்த்தபோது, ஓசுவின் படங்கள் வெளியே அனுப்பப்படவில்லை. வெளிநாட்டாருக்குப் புரியாத அளவுக்கு அவை ஜப்பானியத்தனம் கொண்டவை என்று ஜப்பானில் கருதினார்கள். 'டோக்கியோ ஸ்டோரி' 1958இல் லண்டனில் சதர்லாந்து விருது பெற்றது. நியூயார்க்கில் திரையரங்குக்கு வந்தது 1972இல்தான். அதற்குள் ஓசு இறந்து எட்டாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், 2012ஆம் ஆண்டு திரைப்பட இயக்குநர்கள் இதை முதலிடத்திலும் விமர்சகர்கள் மூன்றாமிடத்திலும் வைத்தார்கள். 2022இல் விமர்சகர்களின் பட்டியலில் நான்காமிடம். இன்று இந்தப் படத்தைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியல்களின் வழியாகவே வருகிறார்கள். அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. "உலகின் தலைசிறந்த படம்" என்று கேள்விப்பட்டுவிட்டு உட்காருபவர், அந்தச் சிறப்பு எந்த நிமிடத்தில் வெளிப்படும் என்று காத்திருக்கத் தொடங்குகிறார். அந்த நிமிடம் இந்தப் படத்தில் வராது. முடிந்தால் பட்டியலை மறந்துவிட்டு உட்காருங்கள்.

ரொம்ப மெதுவாகப் போகுமாமே, தூங்கிவிட மாட்டேனா?

படத்தின் நீளம் 136 நிமிடங்கள். நம்மூர் படங்களோடு ஒப்பிட்டால் குறைவுதான். மெதுவாக இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், ஒருவர் அறையை விட்டு வெளியேறிய பிறகும் அந்த வெற்று அறை ஓரிரு நொடிகள் திரையில் நிற்பதும், இரண்டு காட்சிகளுக்கு நடுவே புகைபோக்கியோ கொடியில் உலரும் துணியோ கடந்துபோகும் படகோ காட்டப்படுவதும்தான். ஆனால் தகவல்கள் மெதுவாக வருவதில்லை. ஒரு பேச்சில் இரண்டு மூன்று செய்திகள் சாதாரணமாகச் சொல்லப்பட்டுவிடும்; கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவை போய்விடும். களைத்துப்போன இரவில் பார்க்காமல், விடுமுறை நாளின் முற்பகலில் பார்ப்பது நல்லது.

இவ்வளவு பழைய படம் தெளிவாக இருக்குமா? எந்தப் பிரதியைப் பார்ப்பது?

மூல நெகட்டிவ் ஒரு தீ விபத்தில் அழிந்துபோனது. எஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டே, தயாரிப்பு நிறுவனமான 'ஷோச்சிகு' பிற்காலத்தில் படத்தை டிஜிட்டல் முறையில் மீட்டெடுத்தது. ஆகவே பழைய டிவிடிகளில் காணப்படும் கீறல்களும் மங்கலும் புதிய பிரதிகளில் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் "மீட்டெடுக்கப்பட்ட பதிப்பு" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சிறு செய்தி: படம் ஏறத்தாழ சதுரமான பழைய அளவில் எடுக்கப்பட்டது. இருபுறமும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று தொலைக்காட்சியில் அதை இழுத்துப் பரப்பிவிடாதீர்கள். கதவுச் சட்டங்களும் தேநீர்க் கெண்டியும் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை அங்குலக் கணக்கில் பார்த்து வைத்தவர் ஓசு. அதைக் குலைத்துவிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

ஜப்பான் வரலாறு தெரியாமல் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் இரண்டு செய்திகள் தெரிந்திருந்தால் பல இடங்கள் துலங்கும். முதலாவது, போர் முடிந்து எட்டாண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்கப் படைகளின் ஆதிக்கம் 1952 ஏப்ரலில்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. படத்தில் போர் பற்றி யாரும் உரையாற்றுவதில்லை. நோரிகோவின் அறையில் இருக்கும் ஒரு புகைப்படத்திலும், பழைய நண்பர்கள் குடித்துக்கொண்டு இறந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும் இரவிலும் அது இருக்கிறது. ஓசுவே சீனப் போர்முனையில் படைவீரராக இருந்தவர். பின்னர், சுபாஷ் சந்திர போஸின் இயக்கம் பற்றிப் படம் எடுப்பதற்காக 1943இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அந்தப் படம் நிறைவேறவில்லை. சிங்கப்பூரில் சிக்கிய அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் மிச்சம்.

இரண்டாவது, மூத்த மகனே குடும்பத் தலைமையையும் சொத்தையும் ஏற்க வேண்டும் என்றிருந்த பழைய சிவில் சட்டம் 1947இல் திருத்தப்பட்டது. எனவே கோய்ச்சியின் தலைமுறைதான் அந்தக் கடமையிலிருந்து சட்டப்படி விடுபட்ட முதல் தலைமுறை. கடமை சட்டத்தில் இல்லை, மனத்தில் மிச்சமிருக்கிறது என்ற அந்த இடைக்காலத்தில் கதை நடக்கிறது.

கேமரா ஏன் எப்போதும் தரையோடு தரையாக இருக்கிறது?

பாய் விரித்த தரையில் உட்கார்ந்து வாழும் வீட்டை, அந்த உயரத்திலிருந்தே பார்க்கிறார் என்பது வழக்கமான விளக்கம். உண்மையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைவிடவும் அது தாழ்வாகவே இருக்கிறது. ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுடா, ஓசுவின் விருப்பப்படி 50 மில்லிமீட்டர் லென்ஸையே பயன்படுத்தினார். கேமரா ஓரிரு இடங்களைத் தவிர நகர்வதே இல்லை. பேசுபவர் ஏறக்குறைய நம்மை நேராகப் பார்த்துப் பேசுவதும் இந்த முறையின் ஒரு பகுதி. முதலில் விசித்திரமாக இருக்கும். கால் மணி நேரத்தில், நாமும் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பழகிவிடும்.

எல்லோரும் ஏன் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள்? கோபமே வராதா?

கோபம் வருகிறது, அதைச் சொல்லும் வழிதான் வேறு. அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊரில் பெற்றோரை விடுதியில் தங்க வைக்கப் பிள்ளைகள் பணம் போடுகிறார்கள். அது அன்பளிப்பாகவும் இருக்கிறது, அவர்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தும் உபாயமாகவும் இருக்கிறது. விடுதியில் இரவெல்லாம் இளைஞர்கள் பாடிக் கும்மாளமிட, முதியவர்கள் உறங்காமல் கிடக்கிறார்கள். காலையில் கடற்சுவரில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்குப் போய்விடலாமா என்று ஒருவரையொருவர் மென்மையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். "எங்களை விரட்டிவிட்டார்கள்" என்று அங்கே ஒருவராவது சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் சொல்லாததால் அதை நாம் சுமக்க வேண்டியிருக்கிறது.

முன்னறிவிப்பின்றித் திரும்பி வந்தவர்களுக்கு ஷிகேயின் வீட்டில் அன்றிரவு இடமில்லை, அவளுடைய தொழில் சங்கத்தார் கூடுகிறார்கள். தங்களுக்கு வீடில்லாமல் போய்விட்டது என்பதைக்கூட ஷுகிச்சி வேடிக்கையாகவே சொல்கிறார். சிஷு ரியு அந்த வரியைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். அவருக்கு அப்போது 49 வயதுதான். அவருடைய மூத்த மகனாக நடித்த சோ யமமுராவைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர். முதுகைக் காட்டி உட்காரும் விதத்தாலேயே இருபது வயதைக் கூட்டிக்கொண்டுவிட்டார்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன காட்சியை நான் தவறவிட்டுவிட்டேனா?

இல்லை. அப்படி ஒரு காட்சியே கிடையாது. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேறொரு இயக்குநர் விரும்பி எடுத்திருக்கக்கூடிய நிகழ்ச்சிகள் அத்தனையையும் ஓசுவும் அவருடன் திரைக்கதை எழுதிய கோகோ நோடாவும் திரைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். ஒனோமிச்சியில் பெட்டி கட்டுகிறார்கள். அடுத்த காட்சியில் டோக்கியோவின் புகைபோக்கிகள் தெரிகின்றன. ரயில் பயணம் இல்லை. திரும்பும்போது டோக்கியோ நிலையத்தில் வழியனுப்புகிறார்கள். அடுத்து, ஒசாக்காவில் கெய்சோ தன் சக ஊழியரிடம், அம்மாவுக்கு ரயிலில் உடம்புக்கு முடியாமல் போய் இங்கே இறங்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் பார்க்கும்போது டோமி தேறிவிட்டாள். பிறகு ஊரிலிருந்து நன்றிக் கடிதம் வருகிறது, அதன் பின்னாலேயே தந்தி வருகிறது. மரணமும் அப்படித்தான்: விடியும் துறைமுகம், ஆளில்லாத தெரு, அதன் பிறகு முகத்தில் வெள்ளைத் துணி.

இப்படிச் செய்ததன் விளைவாக, பிள்ளைகள் இருந்த இடத்திலேயே நாமும் இருக்கிறோம். அவர்களும் அம்மா ரயிலில் தவித்ததைப் பார்க்கவில்லை; யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். அதாமியின் கடற்சுவரிலிருந்து எழும்போது டோமி ஒரு கணம் தள்ளாடி உட்கார்ந்ததை நாம் பார்த்தோம், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கணவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கவனித்திருக்க வேண்டும்" என்ற உறுத்தல் கதைமாந்தருக்கு வரும் அதே வேளையில் நமக்கும் வருகிறது. கண்ணெதிரே ஒரு நோய்ப்படுக்கைக் காட்சியை விரித்துக் காட்டியிருந்தால் இரக்கம் வந்திருக்கும், இந்த உறுத்தல் வந்திருக்காது.

ஷிகேயைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. பிள்ளைகள் இவ்வளவு மோசமா?

ஷிகேயாக நடித்த ஹருகோ சுகிமுரா மேடையில் தேர்ந்தவர். எரிச்சல் வருவது அவருடைய வெற்றி. பெற்றோருக்கென்று விலை கூடிய பலகாரம் வாங்கி வந்த கணவனைக் கடிந்துகொள்கிறாள், வந்திருப்பவர்கள் யார் என்று கேட்ட வாடிக்கையாளரிடம் ஊர்க்காரர்கள் என்று சொல்லிவிடுகிறாள், தந்தி வந்ததும் துக்க உடையை எடுத்துப்போக வேண்டுமா என்று அண்ணனிடம் யோசனை கேட்கிறாள், ஈமச்சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோதே அம்மாவின் கிமோனோவை நினைவாகக் கேட்டு வைக்கிறாள். பட்டியல் போட்டால் குற்றப்பத்திரிகையாகிவிடும்.

ஆனால் அதே ஷிகேதான், அம்மா விடியும்வரை தாங்க மாட்டாள் என்று அண்ணன் சொன்னதும் உடைந்து அழுகிறாள். அந்த அழுகை பொய் இல்லை. துக்க உடை தேவைப்படும் என்று அவள் நினைத்ததும் சரியாகவே போயிற்று. கொண்டுவராத நோரிகோவும் கெய்சோவும்தான் இல்லாமல் நின்றார்கள். கோய்ச்சியும் பெற்றோரை வெளியே அழைத்துப்போகப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில் நோயாளியின் வீட்டிலிருந்து ஆள் வந்ததால் போக முடியவில்லை. மருத்துவர் என்ன செய்வார்? படம் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவர்களைக் கொடியவர்களாக்கி, "நாம் அப்படி இல்லை" என்று நிம்மதியாக எழுந்துபோகும் வசதியை நமக்குத் தரவும் இல்லை. பெற்றோரும் மாசற்றவர்கள் அல்லர்: ஷுகிச்சி ஒரு காலத்தில் பெருங்குடிகாரராக இருந்தவர், நண்பர்களோடு குடித்துவிட்டு நள்ளிரவில் போலீஸ்காரர் துணையோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்கிறார். அந்த இரவில் ஷிகேயின் கோபத்துக்கு நியாயம் உண்டு.

அப்படியானால் நோரிகோ மட்டும் நல்லவளா? அவள் ஏன் தன்னைச் சுயநலக்காரி என்று சொல்லிக்கொள்கிறாள்?

இரத்த உறவே இல்லாத மருமகள்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள், பக்கத்து வீட்டில் சாக்கே என்ற அரிசி மதுவை இரவல் வாங்கி மாமனாரை உபசரிக்கிறாள், மாமியாரைத் தன் சிறிய அறையில் தங்க வைத்துத் தோள் பிடித்துவிட்டுக் கைச்செலவுக்குப் பணமும் தருகிறாள். இதை வைத்து, பெற்ற பிள்ளைகளைவிட மருமகளே மேல் என்று நீதி எடுப்பவர்கள் உண்டு. ஷுகிச்சியே கடைசியில் அப்படிச் சொல்கிறார். அதை நோரிகோ ஏற்றுக்கொள்ளாததுதான் காட்சி.

கணவனை மறக்காமல் இருக்கிறாள் என்று எல்லோரும் அவளைப் போற்றுகிறார்கள். அவளுக்கோ அவன் நினைவே வராத நாட்கள் வந்துகொண்டிருக்கின்றன; இரவில் படுத்துக்கொண்டு, இப்படியே நாள் போனால் என்னவாவேன் என்று யோசிக்கிறாள்; உள்ளுக்குள் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறாள். பாராட்டு அவளை அந்தப் புகைப்படத்தோடு கட்டிப்போடுகிறது. படம் நெடுகப் புன்னகைத்துக்கொண்டே இருந்த செட்சுகோ ஹாரா இங்கே முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். இதற்குச் சற்று முன்னால்தான், அண்ணனும் அக்காளும் சுயநலக்காரர்கள் என்று பொருமிய கியோகோவிடம், வயதாக ஆக எல்லோருக்கும் தங்கள் வாழ்க்கை முன்னால் வந்துவிடும், நானும் அப்படி ஆகிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அதை அடக்கமாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தால், மாமனாரிடம் பேசும்போது அது ஒப்புதல் என்று புரியும்.

மாமனார் அந்தக் கடிகாரத்தை ஏன் கொடுக்கிறார்?

டோமி உன் வயதிலிருந்து வைத்திருந்தது என்று சொல்லிக் கொடுக்கிறார். ஷிகே கேட்டு வாங்கிக்கொண்டாள், நோரிகோவுக்குக் கேட்காமலே கிடைத்தது என்பது வெளிப்படை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கடிகாரத்தைக் கொடுக்கும்போது அவர் சொல்லும் சொல்: எங்களைப் பற்றி எண்ணாமல் மறுமணம் செய்துகொள் என்பது. டோமியும் முன்பு அதையே சொல்லியிருந்தாள். இறந்தவளின் பொருளைக் கொடுத்துவிட்டு, இறந்தவனை விட்டுவிடச் சொல்கிறார்.

பார்த்தேன். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. என்னிடம்தான் குறையா?

குறை ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்வியில் சொன்ன காத்திருப்பு ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், இந்தக் கதையின் வழித்தோன்றல்களை நாம் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டோம். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் என்றதும், பிள்ளைகள் கடைசியில் மனம் வருந்திக் காலில் விழும் காட்சியை மனம் எதிர்பார்க்கிறது. இங்கே அவர்கள் மாலை ரயிலைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

உடனே மறுபடியும் பார்க்க வேண்டியதில்லை. டோமி தன் சின்னப் பேரனைப் புல்மேட்டுக்கு அழைத்துப்போய், நீ மருத்துவராகும்போது நான் இருப்பேனா என்று கேட்கும் காட்சியை மட்டும் ஒருமுறை பாருங்கள். பையன் பதில் சொல்லாமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். அதிலும் ஒன்றும் தோன்றவில்லையென்றால் இந்தப் படம் உங்களுக்கானது அல்ல என்று விட்டுவிடலாம். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் யோசித்துச் செய்யுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்த இடத்தில் போட்டால், கூடத்தில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்காத நிலை வரும். சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. படிக்க முடியாத பெரியவர்களுக்கு அருகில் இருந்து சொல்ல வேண்டியிருக்கும். உரையாடல் குறைவான வாக்கியங்களில் இருப்பதால் அது கடினமல்ல.

இது பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்ப்பது?

ஓசுவின் 'லேட் ஸ்பிரிங்' (1949), 'எர்லி சம்மர்' (1951) இரண்டிலும் செட்சுகோ ஹாராவே நோரிகோ என்ற பெயரில் வருகிறார், ஆனால் மூவரும் வெவ்வேறு பெண்கள். முதலாவதிலிருந்து தொடங்குங்கள். குடும்பங்களைப் பற்றியே எடுத்த ஓசு மணம் செய்துகொள்ளாமல் தாயுடனேயே வாழ்ந்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தந்தையைப் பிரிய மனமில்லாத மகளின் அந்தக் கதை வேறு விதமாகத் தெரியும். தாய் இறந்த மறு ஆண்டு, 1963 டிசம்பர் 12 அன்று, தம் அறுபதாவது பிறந்தநாளில் ஓசுவும் இறந்தார். அந்த ஆண்டோடு ஹாராவும் நடிப்பை விட்டுவிட்டு, 2015இல் இறக்கும்வரை பொது வாழ்க்கையிலிருந்து ஒதுங்கியே இருந்தார்.

'டோக்கியோ ஸ்டோரி'க்குத் தூண்டுதலாக இருந்த அமெரிக்கப் படம் லியோ மெக்கேரியின் 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937). நோடா அதைப் பார்த்திருந்தார். அதில் பெற்றோர் இருவரும் பிரிக்கப்படுவதால் நேரடியாகவே நெஞ்சைப் பிடிக்கும். யோஜி யமடா 2013இல் இதே கதையை இன்றைய டோக்கியோவில் வைத்து 'டோக்கியோ ஃபேமிலி' என்று எடுத்தார். அதை மட்டும் உடனே பார்க்காமல் சில மாதங்கள் கழித்துப் பாருங்கள், இல்லையென்றால் படம் முழுவதும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்.